பீரங்கிக் கூண்டுக்குள்ளே சத்தம் குறைவு

கேள்வி இதுதான்: பழைய போர்க்கப்பல்களில் 16 அங்குலப் பீரங்கிகளுக்குப் (குழல் வாயின் குறுக்களவு 16 அங்குலம்) பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? காது கிழிந்துவிடாதா? எல்லாப் பீரங்கிகளையும் ஒரே பக்கமாகச் சுட்டால் கப்பலே பக்கவாட்டில் நகர்ந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: நகராது. காரணத்தைக் கணக்கோடு கீழே சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் எண்பதுகளில் இந்தியக் கடற்படையில் பீரங்கிப் பிரிவில் இருந்தவன். என் கப்பலில் இருந்தது 4.5 அங்குல இரட்டைப் பீரங்கி. குண்டு ஒன்று 25 கிலோ. 16 அங்குலத்தோடு வைத்துப் பார்த்தால் யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் சிலர் பழைய ஐ.என்.எஸ். மைசூரின் 6 அங்குலப் பீரங்கிகளில் வேலை பார்த்தவர்கள். எங்களுடையதை அவர்கள் பட்டாசு என்றே சொல்வார்கள். (நம் ஊரில் ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோமே, 22 செப்டம்பர் 1914 இரவில் சென்னை மீது சுட்ட அந்த எம்டன் கப்பலின் பீரங்கி 10.5 சென்டிமீட்டர்தான். என்னுடையதைவிடச் சிறியது. ஊரைக் கலங்கடிக்க அதுவே போதுமாக இருந்தது.) ஆகவே 16 அங்குலத்தைப் பற்றி நான் சொல்வது படித்ததும், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது நியூ ஜெர்சி கப்பலில் ஏறி இறங்கிப் பார்த்ததும். காதைப் பற்றிச் சொல்வது மட்டும் பட்டறிவு.

நியூ ஜெர்சி, அயோவா, மிசௌரி, விஸ்கான்சின் ஆகிய நான்கும் ஒரே வகைக் கப்பல்கள். 1943-44இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, நடுநடுவே ஓய்வு கொடுக்கப்பட்டவை. மிசௌரியும் விஸ்கான்சினும் 1991 வளைகுடாப் போர்வரை சுட்டன. பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கூண்டுகள் மூன்று, கூண்டுக்கு மூன்று குழல்கள், ஆக ஒன்பது. குழல் ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம். கவசத்தைத் துளைக்கும் குண்டு 1225 கிலோ; ஏறக்குறைய இரண்டு மாருதி 800 கார்களின் எடை. அதைத் தள்ள 300 கிலோ வெடிமருந்து. போய் விழுவது 38 கிலோமீட்டர் தள்ளி.

படத்தில் பார்க்கும்போது கூண்டு என்பது மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய இரும்புப் பெட்டி மாதிரித் தெரியும். அது வெறும் மொட்டைமாடி. கட்டடம் முழுக்கக் கீழே இருக்கிறது. வட்டமான கிணறு போல அடுக்கடுக்காக இறங்கி, நடுவில் குண்டு அடுக்கும் தளங்கள், அடியில் மருந்து கைமாறும் தளம், அதைச் சுற்றி மருந்துக் கிடங்கு. கூண்டு ஒன்றுக்கு எண்பது பேர் அளவில் வேலை. அதில் கடலைக் கண்ணால் பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்குப் போர் என்பது ஹெட்ஃபோனில் வரும் குரல், மின்தூக்கியின் இரைச்சல், பஸர், அப்புறம் ஒரு உதறல். அவ்வளவுதான்.

பீரங்கி அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மூன்று குழலுக்கும் தனித்தனி அறை, இடையில் கனத்த இரும்புச் சுவர். அறை மிகச் சின்னது. அதில் சில பேர்தான் நிற்பார்கள். சுட்டு முடிந்ததும் குழல் 5 டிகிரிக்கு இறங்கி வந்து நிற்கும். பின்வாய்க் கதவு திறக்கும்போதே அழுத்தக் காற்று உள்ளே பாய்ந்து, மிச்சமிருக்கும் சூடான புகையையும் பொறியையும் முன்பக்கமாக ஊதித் தள்ளும். கதவு கீழ்நோக்கி மடங்கும். பீரங்கித் தலைவன் துணியால் கதவின் உள்முகத்தைத் துடைத்துவிட்டுக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பான். 20 மீட்டருக்கு அப்பால் வானம் ஒரு சின்ன வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் ‘குழல் சுத்தம்’ என்று குரல் கொடுப்பான்.

அதற்குள் தொட்டில் போன்ற தட்டு முன்னால் விரிந்திருக்கும். கீழிருந்து நின்றபடி ஏறி வந்த குண்டு அதில் சாயும். சங்கிலித் தண்டு ஒன்று அதை வேகமாக உள்ளே இடிக்கும். குண்டின் இடுப்பில் இருக்கும் செப்பு வளையம் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களில் போய்க் கடிக்கும் அளவுக்கு இடி. அடுத்து மருந்து. 50 கிலோ மூட்டைகள் ஆறு, பட்டுத்துணியில் தைத்தவை. பட்டு ஏன் என்றால், அது முழுக்க எரிந்துவிடும். கனன்றுகொண்டிருக்கும் கந்தல் எதையும் விட்டு வைக்காது. மூட்டையின் ஒரு முனை சிவப்புச் சாயம் ஏற்றியது. அங்கேதான் எளிதில் பற்றும் கறுப்பு மருந்து இருக்கிறது. அந்த முனை பின்வாய்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். மும்மூன்றாக உருட்டி ஆறையும் வரிசையாக வைத்து, இப்போது தண்டை மெதுவாக, மிக மெதுவாகத் தள்ள வேண்டும். குண்டை இடித்த அதே தண்டு, அதே கை. சில விநாடிகளுக்கு முன் முழு வேகம், இப்போது பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மருந்துக்கு ஒரு வாடை உண்டு. தயாரிப்பில் ஈதர் சேர்ப்பதால் மூட்டை வரும்போது அறை முழுக்கப் பழைய ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும்.

கதவு மூடும். கீழே பள்ளத்தில் நிற்கும் ஒருவன், துப்பாக்கித் தோட்டா அளவே உள்ள தீமூட்டியைக் கதவின் நடுவில் செருகிவிட்டு விலகுவான். குழல் முன்பக்கம் உயரும். உயர உயரப் பின்பக்கம் பள்ளத்துக்குள் இறங்கும். எல்லாம் சேர்த்து முப்பது விநாடி. பிறகு பஸர்.

வெடிக்கும்போது உள்ளே என்ன கேட்கும்? இதைத்தான் பலர் நம்புவதில்லை. பெரிய சத்தம் கிடையாது. மாடியில் யாரோ நெல் மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு ‘தொம்’. அதைக் கேட்பதைவிடக் கால் வழியே உணர்வதுதான் அதிகம். கண் முன்னால் நூறு டன்னுக்கும் மேல் எடையுள்ள குழல் 4 அடி பின்னால் பாய்ந்து, வந்த வேகம் தெரியாமல் திரும்பிப் போகும். உடனே காற்று ஊதும் சீறல், மறுபடி வேலை. அந்தக் கூண்டுகளில் இருந்தவர்கள் பலரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. சத்தம் பிறக்கும் இடம் குழலின் வாய். அது கூண்டுக்கு வெளியே, வெகு தூரத்தில் இருக்கிறது. நடுவில் 43 சென்டிமீட்டர் தடிமனான இரும்பு முகப்பு. எங்கள் சின்னப் பீரங்கியில் இந்தச் சொகுசு இல்லை. தகரக் கொட்டகை மாதிரி மெல்லிய கவசம், உள்ளே எங்களுக்கு மண்டை கிண்ணென்று இருக்கும்.

அப்படியானால் அடி யாருக்கு? வெளியே நிற்பவனுக்கு. பெரிய பீரங்கி சுடும்போது மேல்தளத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. காற்றே சுவராக வந்து மோதும். நெஞ்சில் விழும் உதையும் காதில் விழும் சத்தமும் ஒன்றாகவே வரும். ஆனால் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளில் இருந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்? அவர்கள் இடமே திறந்தவெளி. ஜப்பானின் யமாட்டோ கப்பலில், 46 சென்டிமீட்டர் பீரங்கிகளின் அடிக்கு அஞ்சியே, அருகிலிருந்த சின்னத் துப்பாக்கிகளுக்கு மூடுகூண்டு போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் மாலுமிகள் பலருக்குக் காதில் பஞ்சுதான் பாதுகாப்பு.

இன்னொரு விஷயம். அமெரிக்கக் கப்பல்களில் இருந்தவர்கள் 16 அங்குலத்தைவிட 5 அங்குலத்தைத்தான் அதிகம் திட்டுவார்கள். பெரியது உறுமும், சின்னது அறையும். 5 அங்குலத்தின் வெடிப்பு கூர்மையான ‘டப்’. அயோவா வகையில் அவை பக்கத்துக்குப் பத்தாக இருபது இருந்தன. சுடும் வேகமும் பல மடங்கு. மனிதர்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழல் வாய். இதை நான் அப்படியே நம்புகிறேன். என் காதைத் தின்றதும் அந்த ரகம்தான்.

காற்றழுத்தம் ஆளை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. 1941 மே 23 அன்று பிஸ்மார்க் என்ற ஜெர்மன் கப்பல் தன் பீரங்கியைச் சுட்ட அதிர்ச்சியில் தன் முன்பக்க ரேடாரையே கெடுத்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து அதைச் சுட்டு நொறுக்கிய ரோட்னி என்ற பிரிட்டிஷ் கப்பல், எதிரியிடம் வாங்கியதைவிடத் தன் 16 அங்குலப் பீரங்கிகளிடம் வாங்கிய சேதம் அதிகம்: தளத்துப் பலகைகள் பெயர்ந்தன, குழாய்கள் விட்டுப்போயின, கழிவறைப் பீங்கான்கள் உடைந்தன. பெல்ஃபாஸ்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கும் 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையோரம் அதே கதி. அதன் பீரங்கி 6 அங்குலம்தான், ஆனால் ஓயாமல் சுட்டதில் மாலுமிகளின் கழிவறைப் பீங்கான் விரிசல் விட்டது. போர்க்கப்பலில் முதலில் சரணடைவது எப்போதும் கக்கூஸ்தான் என்று எங்கள் கப்பலிலும் ஒரு பேச்சு உண்டு.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதை சவுத் டகோட்டா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலுடையது. 1942 நவம்பர் 14-15 இரவு, பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவு அருகே. பின்பக்கக் கூண்டு சுட்டதில் அதன் பக்கத்தில் நிறுத்தியிருந்த சொந்த விமானங்கள் தீப்பிடித்துக்கொண்டன. அடுத்த முறை சுட்டதில் அவற்றில் இரண்டு கடலில் போய் விழுந்தன. தீயும் பெரும்பாலும் அணைந்தது. நாற்பது வருடம் கழித்து அயோவா வகைக் கப்பல்களுக்கு ஏவுகணைகள் பொருத்தியபோதும் இதே தொல்லை. சீ ஸ்பேரோ என்ற வான்காப்பு ஏவுகணை இந்த அழுத்தத்தைத் தாங்காது என்று அதை விட்டுவிட்டார்கள்.

சரி, கப்பல் நகரும் விவகாரம். அயோவா ஒன்பது பீரங்கிகளையும் ஒரே பக்கம் சுடுவதை மேலிருந்து எடுத்த ஒரு படம் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். கப்பலை ஒட்டிக் கடல் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். அதைப் பார்த்துத்தான் கப்பல் தள்ளப்பட்டது என்கிறார்கள். அந்த வெள்ளை, குழல் வாயிலிருந்து வரும் காற்றழுத்தம் தண்ணீரை அறைந்த தடம். கணக்குப் போட்டே பார்க்கலாம். குண்டு 1225 கிலோ, வேகம் நொடிக்கு 762 மீட்டர். பெருக்கி, ஒன்பது குண்டுக்கும் கூட்டினால் சுமார் 84 லட்சம். கப்பலின் எடை சுமார் 57,000 டன், அதாவது 5 கோடியே 70 லட்சம் கிலோ. வகுத்தால் நொடிக்கு 15 சென்டிமீட்டர். மருந்துப் புகையின் உந்தலையும் சேர்த்தால் 20 என்று வையுங்கள். இதுவும் கப்பல் வழுக்குப் பனியில் நிற்பதாக நினைத்துக்கொண்டால்தான். உண்மையில் 270 மீட்டர் நீளமும் 11 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு சுவரைத் தண்ணீருக்குள் குறுக்கே தள்ளியாக வேண்டும். தண்ணீர் விடாது. போதாக்குறைக்கு, கூண்டின் மூன்று குழலும் துல்லியமாக ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. குண்டுகள் காற்றில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமலிருக்கக் கண்ணிமைக்கும் இடைவெளி விடுவார்கள். கப்பல் அதிரும், பல்புகள் உடையும், கூரையிலிருந்து பெயின்ட் செதில் உதிரும். நகராது.

இப்போது காது. சத்தமான இடத்துக்குப் போனால் காதுக்குள் ஒரு சிறு தசை இறுகி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அது இறுகக் கண்ணிமைக்கும் நேரமாவது வேண்டும். கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்கு அது போதும். பீரங்கியின் அழுத்தம் அதற்கு முன்பே உள்ளே போய் வேலையை முடித்துவிடும். அழுத்தம் கடுமையானால் செவிப்பறை கிழியும்; அது பெரும்பாலும் ஆறிவிடும். ஆறாதது அதற்கும் உள்ளே. நத்தைக்கூடு போன்ற பகுதியில் மயிரிழை செல்கள் இருக்கின்றன, போனால் மறுபடி முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை. சுடும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தச் செல்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனக்கு நடந்தது முட்டாள்தனம். ஒரு பயிற்சியின்போது கட்டளை சரியாகக் கேட்கவில்லை என்று இடது காதின் மூடியை இரண்டு விரலால் விலக்கினேன். சுடுவதை நிறுத்திவிட்டதாக நினைத்தேன். நிறுத்தவில்லை. வலி பெரிதாக இல்லை. பஞ்சு மெத்தைக்குள் தலையை நுழைத்த மாதிரி உலகம் மங்கியது, அப்புறம் சில்வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். மூன்று நாளில் காது தெளிந்துவிட்டது. ரீங்காரம் இன்னும் போகவில்லை. இப்படிக் கெட்ட காதுக்குச் சத்தம் கேட்கும், சொல்தான் பிடிபடாது. உயிரெழுத்தின் ஒலி கனமாக வந்துவிடும், தலையில் இருக்கும் மெய் நழுவிவிடும். என் மனைவி ‘கடை’ என்றால் எனக்கு அது படையா, தடையா, சடையா என்று உதட்டைப் பார்த்தால்தான் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து பேசினால் தீர்ந்தது.

ஆனால் கூண்டுக்குள் இருந்தவர்கள் உண்மையில் பயந்தது சத்தத்துக்கும் இல்லை, உதைக்கும் இல்லை. மருந்துக்கு. 1916 மே 31, பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போர். அன்று சில மணி நேரத்துக்குள் மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த பெரிய போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறின. குயீன் மேரியில் மட்டும் 1266 பேர் இறந்தார்கள். வேகமாகச் சுட வேண்டும் என்று கிடங்குக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள், மூட்டைகளை வழியில் குவித்திருந்தார்கள். கூண்டில் பட்ட தீ கிணற்றுவழியே கிடங்குவரை இறங்கிவிட்டது. அதே நாளில் லயன் கப்பலின் நடுக்கூண்டிலும் குண்டு விழுந்தது. அங்கே மேஜர் பிரான்சிஸ் ஹார்வி படுகாயப்பட்ட நிலையிலும் மருந்துக் கிடங்கில் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிவிட்டுச் செத்தார். பிறகு அந்தக் கூண்டு எரிந்தது, கப்பல் தப்பியது. அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். தலையிலிருந்து தோள்வரை மூடும் வெள்ளைத் துணி முகமூடியும் நீண்ட கையுறையும் அந்தப் போருக்குப் பிறகு வந்தவைதான். அதை நானும் பம்பாய் வெயிலில் மாட்டியிருக்கிறேன். மூச்சு விட்டால் நம் வியர்வை வாடையே திரும்பி வரும். திட்டிக்கொண்டே போட்டோம், ஆனால் போட்டோம்.

மருந்தை மெதுவாகத் தள்ள வேண்டும் என்றேன் அல்லவா? 1989 ஏப்ரல் 19, அயோவாவின் இரண்டாவது கூண்டு. போர் இல்லை, பயிற்சி. நடுக்குழலில் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, கதவு மூடும் முன்பே மருந்து பற்றிக்கொண்டது. 47 பேர் போனார்கள். கிடங்குப் பக்கம், அடைத்த கதவுகளுக்கு அப்பால் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்படையின் முதல் விசாரணை, இறந்தவர்களில் ஒருவரே வேண்டுமென்று செய்திருக்கலாம் என்று பழியைப் போட்டது. பிறகு சாண்டியா என்ற அமெரிக்க அரசு ஆய்வகம் தனியாகச் சோதித்து, மூட்டைகளை அளவுக்கு மீறிய வேகத்தில் இடித்தாலே தீப்பிடிக்க முடியும் என்று காட்டியது. 1991 அக்டோபரில் கடற்படை, காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு அந்த மாலுமியின் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. செத்தவன் தலையில் கட்டுவது சுலபம், அவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான். அந்த முதல் அறிக்கையை என்னால் இன்றும் பொறுமையாகப் படிக்க முடிவதில்லை.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் நான்கு கப்பல்களும் இப்போது மியூசியம்தான்: நியூ ஜெர்சி பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையில் கேம்டனில், அயோவா லாஸ் ஏஞ்சலஸில், மிசௌரி பேர்ல் ஹார்பரில், விஸ்கான்சின் நார்ஃபோக்கில். பெல்ஃபாஸ்ட் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நிற்கிறது. கூண்டுக்குள் போக முன்பக்கம் வாசல் தேடாதீர்கள். பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் அடியில் ஒரு துவாரம் இருக்கும். குனிந்து போய், தலைக்கு மேலே கையை நீட்டிப் பிடித்து, உடம்பை ஒடுக்கி ஏற வேண்டும். முழங்கால் வலியோடு எனக்கு ஒரு ஆள் மேலே இழுக்க, ஒரு ஆள் கீழிருந்து தள்ள வேண்டியிருந்தது. இறங்கி வர இன்னும் நேரம் பிடித்தது.